குளிர்கால ஓவனில் ரொட்டியும் கீரையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

குளிர் தொடங்கிவிட்டால் சமையலறையில் இரண்டு ஆசைகள் வரும். ஓவனைச் சூடாக்கி எதையாவது பேக் செய்ய வேண்டும் என்பது ஒன்று. குளிருக்குத் தளதளவென்று வளர்ந்து நிற்கும் கீரைகளை விதவிதமாகச் சமைக்க வேண்டும் என்பது இன்னொன்று. உடனே புதிய செய்முறைகளைத் தேட ஆரம்பிப்போம். தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். எதை நம்பிச் செய்வது என்பதில்தான் குழப்பமே.

நான் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் முதலில் அதன் அளவுகளைத்தான் படிப்பேன். ரொட்டி சுடுபவர்கள் மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். சாதாரண ரொட்டிக்குத் தண்ணீர் 65, உப்பு 2, உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. அதாவது 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், புதிய செய்முறை ஒன்றைப் படிக்கும்போதே மாவு இறுகலாக வருமா, கையில் ஒட்டுமா என்று தெரிந்துவிடும். முழுக் கோதுமை மாவில் தவிடு இருப்பதால் அது கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அதற்கு 70, 75 வரை போகலாம். உப்பு 5 என்று எங்காவது கண்டால் அச்சுப்பிழை என்று தாராளமாகச் சந்தேகப்படுங்கள்.

சரி, குளிர்காலத்தில் என்ன மாறுகிறது? ஈஸ்டின் வேகம் மாறுகிறது. ஈஸ்ட் உயிருள்ளது. பிசைந்த மாவு 25 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டி இருந்தால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். எட்டு, ஒன்பது டிகிரி குறைந்தால் மாவு பொங்கி வர ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். 'ஒரு மணி நேரம் ஊற வைக்கவும்' என்று செய்முறையில் எழுதியிருக்கும்; குளிர்ந்த சமையலறையில் அதை நம்பி மாவை ஓவனில் வைத்தால் ரொட்டி கல்லாகத்தான் வரும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அளவில் இரட்டிப்பாகி, விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். அதுதான் பக்குவம்.

தண்ணீரின் சூட்டை வைத்தும் இதைச் சரிசெய்யலாம். பிசைந்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டுமோ அதை இரட்டித்து, அதிலிருந்து காய்ந்த மாவின் சூட்டைக் கழிக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் மாவு 15 டிகிரி என்றால், 25-ன் இரட்டிப்பான 50-லிருந்து 15 போக 35. அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் மாவு கிட்டத்தட்ட 25-க்கு வந்துவிடும். 35 டிகிரி என்பது விரல் வைத்தால் இதமாக இருக்கும் சூடு. அவசரப்பட்டுக் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டாம். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துப்போகும். பிசைந்த பிறகு, அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, பக்கத்தில் மாவையும் வைத்து மூடுங்கள். போதும்.

குளிரை எதிர்த்துப் போராடாமல் அதையே பயன்படுத்திக்கொள்வதும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, இரவு மாவைப் பிசைந்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்துச் சுடலாம். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும் அந்த நீண்ட நேரத்தில் மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரை ஆக்குகின்றன, மெல்லிய புளிப்பும் சேர்கிறது. சுட்டு எடுத்தால் மேல் தோல் நன்றாகச் சிவந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்த ரொட்டிக்கு அந்த மணம் வராது.

இனி கீரைக்கு வருவோம். பனி விழும் இடங்களில் வளரும் கேல் (முட்டைக்கோஸ் இனத்து இலைக்கீரை), பாலக்கீரை போன்றவை குளிர்காலத்தில் இனிக்கும். செல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடாமல் காக்க, அந்தச் செடிகள் தம்மிடமுள்ள ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. அதனால் குளிர்காலக் கீரைக்கு மசாலாவைக் கொட்ட வேண்டியதில்லை. பூண்டு, எண்ணெய், உப்பு, இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இறக்கியபின் என்பது முக்கியம், ஏனென்றால் புளிப்பு பட்டால் பச்சையம் சிதைந்து கீரை பழுப்பாகிவிடும். கீரையிலேயே இருக்கும் அமிலமும் ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதால்தான் மூடாமல் வேகவைக்கச் சொல்கிறார்கள். சோடா உப்புப் போட்டால் பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் கீரை கூழாகிவிடும், வைட்டமின் சி-யும் வீணாகும். நான் போடுவதில்லை. எண்ணெய் மட்டும் கட்டாயம் வேண்டும். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில்தான் கரைந்து உடலில் சேரும்.

கீரையை ரொட்டிக்குள் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலக்கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அப்படியே மாவில் போட்டால் 65 என்று போட்ட கணக்கெல்லாம் போய்விடும். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, இரண்டு கையாலும் அழுத்திப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகும் ஒருமுறை பிழியுங்கள். அந்தக் கொதிநீரைக் கொட்டிவிடும்போது கீரையில் உள்ள, கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளிலும் ஒரு பகுதி போய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது நல்லது. பிறகு பொடியாக நறுக்கி, வதக்கிய பூண்டோடு கலந்து ஆறவிடுங்கள். மாவுக்கான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்து, கீரை சேர்த்த பிறகும் மாவு இறுகலாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாவை விரித்து, கீரையைப் பரப்பி, பாயைப் போலச் சுருட்டி, பொங்கிய பின் 200 டிகிரியில் சுடலாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே 95 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் வரும்.

ரொட்டியை எடுத்ததும் ஓவனை அணைக்க மனம் வராது, அவ்வளவு சூடு மிச்சம் இருக்கும். 150 டிகிரிக்குக் குறைத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்த கேல் இலைகளில் தண்டை நீக்கிவிட்டு, எண்ணெயை லேசாகத் தடவி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி உள்ளே வையுங்கள். கால் மணி நேரத்தில் நொறுக்குத்தீனி தயார். உப்பைக் கடைசியில் தூவுங்கள். முன்பே போட்டால் நீர் விட்டு வதங்கிவிடும்.

மீந்த ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாகக் காய்ந்து இறுகும். துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் வேண்டும்போது எடுத்து வாட்டிக்கொள்ளலாம். பிழிந்த கீரையையும் உருண்டை பிடித்து அங்கேயே வைக்கலாம், அடுத்த வார ரொட்டிக்கு ஆகும்.

நன்றி. வணக்கம்.