நட்டின் கிறுக்கு

அவையோருக்கு வணக்கம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். திரையில் தெரியும் இந்த மாளிகையின் சொந்தக்காரர் ஹாலர் நட் கல்யாணத்தை முடித்துவிட்டார், வீடுதான் முடியவில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஆற்றங்கரை மேட்டில் நாச்சஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே பருத்தியில் பெரும்பணம் சேர்த்தவர் நட். எட்டுப் பக்கங்கள், 32 அறைகள், உச்சியில் வெங்காயத்தைக் கவிழ்த்தது போல் ஒரு கும்மட்டம். இப்படி ஒரு வரைபடத்தைப் பிலடெல்பியாவின் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோன் போட்டுக்கொடுக்க, 1860இல் வேலை தொடங்கியது. பெயர் லாங்வுட். ஊரார் வைத்த பெயர் 'நட்டின் கிறுக்கு'. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

1861இல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கே பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த தச்சர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். அடித்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் எப்படியோ ஒப்பேறின. நட் 1864இல் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்த ஒன்பது அறைகளில் காலம் தள்ளினார், தலைக்கு மேல் இருபத்துமூன்று அறைகள் வெறுமையாய்க் கிடக்க.

நாச்சஸின் மற்ற மாளிகைகளில் சுவருக்குப் பூச்சு, பூச்சுக்கு மேல் வண்ணம், அதற்கும் மேல் கண்ணாடிச் சட்டம். 1932 முதல் ஆண்டுதோறும் குடைப்பாவாடை உடுத்திய பெண்கள் அவற்றைச் சுற்றிக்காட்டி வருகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லாங்வுட்டின் மேல்தளத்துக்கு ஏறினால் பூச்சே கிடையாது. வெறும் செங்கல்லும் மரச்சட்டமும் அப்படியே நிற்கின்றன. அந்தச் செங்கற்களைச் செய்தவர்கள் நட்டின் அடிமைகள். பிலடெல்பியாக்காரர்கள் போன பிறகு அடித்தளத்தை முடித்துக்கொடுத்ததும் அடிமைகளின் உழைப்புதான். தச்சர்களுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. இவர்கள் எங்கே போவார்கள்?

அதே நாச்சஸின் விளிம்பில் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்' என்ற அடிமைச் சந்தை இருந்தது. தென் மாநிலங்களின் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று. 2021இல்தான் அது தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. மாளிகைப் படங்களைப் பார்த்தாயிற்று. இனி அந்தச் சந்தை நடந்த இடம். பெரிதாக ஒன்றும் இராது: புல்தரை, தகவல் பலகைகள், சிமெண்டில் பதித்துவைத்த சில விலங்குச் சங்கிலிகள். தம்பி, அந்தப் படத்தைப் போடுங்கள்.