உட்கார ஒரு ஸ்டூல்

நேயர்களுக்கு வணக்கம். பதினான்கு வருஷம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். தீபாவளி சமயத்தில் பதினொன்றுகூட ஆகும். சாப்பிடுகிற இருபது நிமிஷம்தான் உட்காருவது. வாடிக்கையாளரே இல்லாத மத்தியான வேளையில் ரேக்கில் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ராத்திரி கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் பள்ளமாகத் தெரியும். ஆறாம் வருஷம் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. காலுக்கு இறங்குகிற ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதைதான் என்று டாக்டர் விளக்கினார். நடந்தால் அது அழுத்தித் தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கி, சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்க்குள், இருக்கிற வால்வுகள் தளர்ந்துபோகும். மாடிக்கு மாடி கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பும் வந்தது. கூட வேலை பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வலி தெரியும்.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னது, 44ஆம் பிரிவில். கடைகளுக்கு அப்படி ஒரு விதி வர எழுபது வருஷம் பிடித்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். விஜி என்கிற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் மசோதா வந்து, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு நான் அழுதேன்.

போன மாதம் சேலை எடுக்கப் போன கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. "உட்காரும்மா, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். "வேண்டாங்க்கா, திட்டுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

கடை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், அதன்மேல் சரக்கு வைக்காதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் முன்னாலேயே நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள், எனக்குத் தெரியும். வணக்கம்.