மருந்து ரூம் சாவி

வணக்கம் மக்களே. கேத்தியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது எங்கள் கேரட் தோட்டம். கொஞ்ச நேரத்தில் ஊட்டி ரயில் ஊதும், அப்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. தற்கொலை எண்ணம் பற்றிப் பேசப் போகிறேன். இப்போது கேட்கிற நிலையில் இல்லையென்றால் மூடிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் முதலில் இந்த நம்பர்: 14416, டெலி மனஸ். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

எனக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது. ஒரு வருடம் கேரட் விலை அடியோடு விழுந்தது. அதே மாதம் நிச்சயமான கல்யாணமும் நின்றது. "தைரியமான பொண்ணு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு" என்று தெருவே மெச்சியது. எனக்கும் அதில் பெருமைதான். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உணர்ச்சியை அடக்குவதும் கையாளுவதும் ஒன்றில்லை. முகத்தில் காட்டாமல் அடக்கினால் பார்க்கிறவர்களுக்குத்தான் நாம் அமைதி. உடம்புக்குள் படபடப்பு குறைவதில்லை. கையாளுவது என்றால், முதலில் அதற்குப் பெயர் வைப்பது. எனக்கு இருந்தது துக்கம் என்றே நினைத்திருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் பாதிக்கு மேல் அவமானம். துக்கத்துக்கு அழலாம். அவமானம் ஆளை ஒளிய வைக்கும், யாரிடமும் பேச விடாது.

2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அரசாங்கக் கணக்கு. நாடு முழுக்கப் பார்த்தால் காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினையும் நோயும்தான் முன்னால் நிற்கின்றன. குடும்பப் பிரச்சினை இல்லாத வீடு எது, சொல்லுங்கள்? பிரச்சினையோடு சேர்ந்து, 'இந்த வலி இனி அடங்கவே அடங்காது' என்ற நினைப்பும் வந்து உட்காரும்போதுதான் ஆபத்து. ஆனால் அது அடங்கும். உச்சிக்கு ஏறிய வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ இறங்கிவிடும். அந்த நேரத்தைத் தாண்ட வேண்டும். குடித்திருந்தால் தாண்டுவது இன்னும் கஷ்டம், நிதானம்தான் முதலில் போகும்.

(ரயில் போகட்டும்... சரி.)

மார்ஷா லினஹான் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். இந்த உச்ச நேரத்தைத் தாண்டுவதையே ஒரு பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சையை உருவாக்கியவர். 2006-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், அந்தச் சிகிச்சை எடுத்தவர்களிடம் தற்கொலை முயற்சி, வேறு நிபுணர்களிடம் வேறு சிகிச்சை எடுத்தவர்களைவிடப் பாதியாக இருந்தது. தானும் இளவயதில் இதே நிலையில் மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொல்லித் தருவதில் ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் வைப்பது. இதயத் துடிப்பு குறையும். நமக்கு ஐஸ் வாங்கக் கூட வேண்டாம், ஜனவரி உறைபனியில் குழாயைத் திறந்தால் போதும்! இதய நோய் இருப்பவர்கள் மட்டும் செய்யாதீர்கள்.

அதே சமயம், கடன்காரர் வாசலில் நிற்கும்போது "மூச்சை இழுத்து விடு" என்பது கிண்டல் மாதிரிதான் இருக்கும். கடனுக்கு வழி பார்க்கத்தான் வேண்டும். வழி பார்க்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத்தான் இதெல்லாம்.

பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

எங்கள் அம்மா அப்படிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு முறம் பூண்டை முன்னால் வைத்து, "உரி" என்றார். எதிரே அவரும் உட்கார்ந்து உரித்தார். முறம் காலியாவதற்குள் நான் அழுதுவிட்டேன். அடுத்த வாரம் ஊட்டியில் டாக்டரைப் பார்க்க அவரே கூட்டிப்போனார்.

பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அன்று சாயங்காலமே தோட்டத்து மருந்து வைக்கும் ரூமைப் பூட்டி, சாவியைச் சித்தப்பா வீட்டில் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் அது அங்கேதான். ஒவ்வொரு தடவை மருந்து அடிக்கும்போதும் அப்பா முனகிக்கொண்டே மேட்டில் ஏறிப் போய் வாங்கி வருகிறார்.