பிடிஎஃப்பைப் போர்டில் வைத்துவிட்டது, சரி... படித்ததா?

வணக்கம் மக்களே! இன்றைக்கு நேராகத் திரைக்கே போய்விடலாம். இடது பக்கம் ஏஐ ஏஜென்ட்டின் சாட், அதாவது நாம் சொல்வதைக் கேட்டு மற்ற ஆப்களில் வேலை செய்யும் ஏஐ. வலது பக்கம் காலியான மிரோ போர்டு, இணையத்தில் இருக்கும் ஒரு வெள்ளைப் பலகை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய மூன்று கொட்டேஷன்கள் இருக்கின்றன, மூன்றும் பிடிஎஃப். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இதே மாதிரிப் பலகையான கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடப்பட்ட பிறகு பலரும் மிரோ, ஃபிக்ஜாம் பக்கம் போய்விட்டார்கள். மிரோவின் பழைய பெயர் ரியல்டைம்போர்டு, 2019-இல்தான் மாற்றினார்கள். இன்றைய விஷயம் மிரோவில் வேலை செய்ய ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் ஒரே ஒரு சின்ன டூல், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கருவி: போர்டில் ஆவணம் சேர்ப்பது.

ஏஜென்ட்டிடம் சொல்கிறேன், 'இந்த மூன்று பிடிஎஃப்பையும் போர்டில் வை.' பாருங்கள், அனுமதி கேட்கிறது. உடனே ஓகே அழுத்தாதீர்கள், அந்த அம்புக்குறியைத் தட்டி உள்ளே என்ன அனுப்பப் போகிறது என்று பாருங்கள். போர்டு ஐடி, தலைப்பு, ஃபைலின் யூஆர்எல், அதாவது இணைய முகவரி. முடிந்தது! ஆவணத்துக்குள் இருக்கும் ஒரு வரிகூட இதில் இல்லை. ஃபைலை எடுத்து வருவது மிரோவின் சர்வர். ஏஜென்ட் அதைத் திறக்கவே இல்லை. கூரியர்காரர் கவரைக் கொண்டுவந்து கொடுப்பார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். போர்டில் ஆவணம் வந்துவிட்டதே என்று, 'மூன்றில் எது மலிவு?' என்று அடுத்த கேள்வியைப் போடுவார்கள். ஏஜென்ட்டும் கூச்சமில்லாமல் ஒரு பதில் சொன்னாலும் சொல்லும், ஃபைல் பெயரை மட்டும் வைத்து. தலைப்பையும் அப்படித்தான் வைத்திருக்கிறது, பாருங்கள்: 'ஃபைனல் கொட்டேஷன்'. யார் கொடுத்தது, எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. படிக்க வேண்டுமென்றால் பிடிஎஃப்பைச் சாட்டிலேயே தனியாக இணையுங்கள், அல்லது ஃபைலைப் படிக்கும் டூல் ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள். அது வேறு வேலை.

இப்போது ஓகே கொடுக்கிறேன். அட, ஒன்றுதான் தெரிகிறது! மற்ற இரண்டும் அதற்கு அடியில். இடம் சொல்லாவிட்டால் எல்லாம் போர்டின் நடுவில், அதாவது எக்ஸ் பூஜ்யம், ஒய் பூஜ்யத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். அதனால் எண்ணையே கொடுத்துவிடுங்கள். அகலம் 800, எக்ஸ் மட்டும் மைனஸ் 1000, 0, 1000. இந்த எண் ஆவணத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கிறது, எனவே ஒவ்வொன்றுக்கும் நடுவில் 200 இடைவெளி கிடைக்கும். ஃபிரேமுக்குள், அதாவது போர்டில் வரையும் ஒரு சட்டத்துக்குள், வைத்தால் கணக்கு மாறும்: அங்கே ஃபிரேமின் இடது மேல் மூலையிலிருந்து எண்ண வேண்டும். 'அழகாக அடுக்கு' என்றெல்லாம் சொல்லிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அடுக்கும்.

அடுத்தது யூஆர்எல். கூகுள் டிரைவின் ஷேர் லிங்க் திறப்பது பிடிஎஃப்பை அல்ல, அதைக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தை. மிரோவின் சர்வருக்கு உங்கள் லாகினும் கிடையாது. லாகின் இல்லாமல் நேராக ஃபைலே இறங்கும் லிங்க்தான் வேண்டும். ஆனால் அப்படி ஒரு லிங்க் கொடுத்தால், அது யார் கையில் கிடைத்தாலும் ஃபைல் இறங்கும். கொட்டேஷன் என்றால் பரவாயில்லை, சம்பளப் பட்டியலை அப்படி வைப்பீர்களா? கணினியிலிருந்தே நேராக ஏற்றும் வழி மிரோவின் ஏபிஐயில், அதாவது மற்ற மென்பொருள்கள் மிரோவோடு பேசும் வழியில், தனியாக இருக்கிறது, 6 எம்பி வரைக்கும். உங்கள் டூலுக்குள் அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் இந்த இரட்டைப் பிரதி பிரச்சினை. இணையம் மெதுவாக இருந்து பதில் வரத் தாமதமானால், ஏஜென்ட் வேலை நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். சேர்க்கும் டூலுக்கு 'இது ஏற்கெனவே இருக்கிறதா?' என்று பார்க்கும் பழக்கம் கிடையாது, ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒன்றை வைத்துவிடும். 'சேர்ப்பதற்கு முன் போர்டில் உள்ளதைப் பட்டியலிடு, அதே தலைப்பு இருந்தால் விட்டுவிடு' என்று ஏஜென்ட்டுக்குச் சொல்வதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக அனுமதி. ஏஜென்ட்டையும் இந்த மாதிரி டூல்களையும் இணைக்கப் பலரும் பயன்படுத்துவது எம்சிபி என்ற பொது இணைப்பு முறை, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதில் ஒரு டூல் படிக்க மட்டுமா, எதையாவது அழிக்கக்கூடியதா என்று குறிப்பு எழுத இடம் உண்டு. ஆனால் அது டூலை எழுதியவர் சொல்லும் வார்த்தைதான், காவல் இல்லை. நான் படிக்கும் டூலுக்கு 'எப்போதும் அனுமதி' கொடுத்துவிடுவேன். சேர்க்கும் டூலுக்கு ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அழிக்கும் டூலை இணைக்கவே மாட்டேன். வெளியாள் அனுப்பிய பிடிஎஃப்புக்குள் 'போர்டைக் காலி செய்' என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி ஒளிந்திருந்து, அதை ஏஜென்ட் படித்துத் தொலைத்தாலும், கையில் அந்த டூல் இருந்தால்தானே?

இதோ, மூன்றும் வரிசையாக வந்துவிட்டன. இரண்டாவது கொட்டேஷனில் ப்ரைமருக்குத் தனிக் காசு போட்டிருக்கிறார், மற்ற இருவரும் அதைச் சதுர அடிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அவருக்கு ஒரு போன் போட வேண்டும். அடுத்த வீடியோவில் பார்க்கலாம், வரட்டுமா?