பத்து நாள் விழா வேறு, பன்னிரண்டு மாத விழா வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தல் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் காரைக்குடி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஆண்டு முழுக்க நடக்கும் கலைவிழா ஊருக்கு வரவா, செலவா?" என்பது தலைப்பு. செலவு என்ற கட்சியின் தலைவர் மூன்று காரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வருகிற காசு வெளியூர்க்காரர் கைக்குப் போகும், ஆண்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், அந்தப் பணத்தில் சாலை போடலாம். நான் வரவு என்கிற கட்சி. இப்படி விழா நடத்திய ஊர் என்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தை அவர் இழுத்ததால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு நகரத்தையோ சில நகரங்களையோ பண்பாட்டுத் தலைநகரமாக அறிவித்து, அந்த ஆண்டு முழுக்க விழா நடத்துகிறார்கள். கிரேக்க அமைச்சர் மெலினா மெர்கூரி முன்னின்று, 1985இல் ஏதென்ஸில் தொடங்கியது. 2008இல் லிவர்பூலின் முறை. அது கப்பலால் வாழ்ந்த துறைமுக நகரம். 1930களில் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் 2001 கணக்கெடுப்பில் நாலரை லட்சம்கூட இல்லை. தொழில் போனது, ஆட்கள் போனார்கள், வணிகர்கள் கட்டிய பெரிய பெரிய கட்டடங்கள் மட்டும் நின்றன. இதைக் கேட்கும்போது உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது? எனக்கு நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வருகிறது. பர்மாவில் சம்பாதித்து, பர்மாத் தேக்கில் வீடு கட்டி, 1942இல் ஜப்பான் படை அங்கே நுழைந்தபோது கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களின் ஊர் இது.

அந்த லிவர்பூலுக்கு 2008இல் விழாவால் மட்டும் கூடுதலாக 97 லட்சம் வருகைகள் என்று அங்குள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு சொல்கிறது. வந்தவர்கள் செலவழித்தது 75 கோடி பவுண்டுக்கு மேல். விழாவை நடத்திய அமைப்புக்கு ஆறு ஆண்டுகளில் எல்லா வழியிலும் சேர்ந்த பணமோ சுமார் 13 கோடி பவுண்டுதான். அதுவும் உலகமே பணநெருக்கடியில் ஆடிப்போன ஆண்டில். அந்த 75 கோடி முழுவதும் லிவர்பூலுக்குள் தங்கவில்லை, சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்த்த கணக்கு அது, அதை நான் மறைக்க மாட்டேன். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து 2021இல் அந்த நகரம் நீக்கப்பட்டதையும் எதிரணி சொன்னது. துறைமுகக் கரையில் எழுப்பிய புதுக் கட்டடங்களும் விளையாட்டரங்கத் திட்டமும் அதற்குக் காரணம், விழா அல்ல.

சரி, நம் ஊருக்கு வருவோம். காசு வெளியே போகும் என்கிறார்களே, எப்போது போகும்? பத்து நாள் விழாவில்தான் போகும். பத்து நாளுக்கென்று உள்ளூரில் யாரும் மேடைக்கு விளக்கு வாங்கி வைக்க மாட்டார்கள், பந்தல் சாமான் சேர்க்க மாட்டார்கள், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வண்டி வரும், கணக்கு முடித்துக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு மாதம் வேலை உண்டு என்று தெரிந்தால் உள்ளூர்ப் பையன் துணிந்து கடன் வாங்கி அந்தச் சாமானை வாங்குவான்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்து, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது. இந்தக் கை ஒரு வாரத்தில் வராது, மாதக்கணக்கில் பழக வேண்டும், பழகுகிற மாதங்களுக்கு யாராவது கூலி கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுகிற அக்கா ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். "கல்யாண மாதத்தில் ஆர்டர் தாங்காது, மற்ற மாதத்தில் ஓலை சும்மா கிடக்கும், இதில் இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்து அவளுக்கு நான் எங்கே போய்ச் சம்பளம் கொடுப்பேன்?" கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது. ரொம்பப் பெருமைதான். ஆனால் சித்திரை வெயிலில் வந்து வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! நம் ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவது பெரும்பாலும் மார்கழி, தை, மாசியில்தான். அந்த மூன்று மாதத்தைப் பன்னிரண்டாக இழுத்துத் தருகிற எதுவும் அந்த அக்காவுக்கு இன்னொரு ஆளைச் சேர்க்கும் தைரியத்தைக் கொடுக்கும்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளைச் சொல்லாமல் நான் உட்கார முடியாது. பத்து இருபது பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும் வீடு, கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும்தான் திறக்கிறது, மழைக்கு ஓடு நழுவினால் பார்க்க ஆளில்லை. பத்து நாளுக்காக எந்தப் பங்காளியும் கையெழுத்துப் போட மாட்டார். வீட்டு நடுமுற்றமான வளவில் ஓராண்டு கச்சேரியும் கண்காட்சியும் நடக்கும், வாடகை மாதாமாதம் வரும் என்றால் பேச உட்காருவார்கள், அந்த வாடகையில் ஓடு மாற்றலாம்.

சாலை போடலாம் என்றார்கள். போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? வருகிறவர்களுக்கும் அது வேண்டும். ஆண்டு முடிந்தால் கூட்டம் கலையும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், ஒரு பகுதி கலையத்தான் செய்யும். ஆனால் ஓராண்டு கூலி வாங்கிக்கொண்டே கல் ஊற்றப் பழகிய பையன் திருப்பூர் பஸ்ஸுக்குப் போய் நிற்க மாட்டான், ஆத்தங்குடியிலேயே இருப்பான்.