பங்குனி நிலவும் சித்திரை வெயிலும்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

உங்கள் வீட்டுச் சுவரில் தினத்தாள் காலண்டர் ஒன்று தொங்கும். சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ வாங்கி வந்தது. காலையில் தாளைக் கிழித்ததும் பெரிய எழுத்தில் தேதி தெரியும். நம்மில் பெரும்பாலோர் அதற்கு மேல் பார்ப்பது நல்ல நேரத்தையும் ராகு காலத்தையும்தான். ஆனால் அந்தத் தாளில் இன்னும் எவ்வளவோ பொடி எழுத்து இருக்கிறது. தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ஒரு மூலையில் ஹிஜ்ரி மாதம், இன்னொரு வரியில் குருத்தோலை ஞாயிறு, மகாவீர் ஜெயந்தி, தெலுங்கு வருடப் பிறப்பு. அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்கத் தேர்வு அட்டவணை போடுகிற பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. மற்ற மாதங்களுக்கு அட்டவணை போடுவது எளிது. பங்குனி, சித்திரை வந்தால் மட்டும் அந்தத் தாள்களைப் புரட்டாமல் ஒரு தேதியும் குறிக்க முடியாது.

ஏன் என்று கேட்டால், 2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 30 யுகாதி. மறுநாளே ரம்ஜான் பெருநாள். ஏப்ரல் 6 ராமநவமி, 10 மகாவீர் ஜெயந்தி, 11 பங்குனி உத்திரம். 13-ஆம் தேதி கிறிஸ்தவர்கள் குருத்தோலை பிடித்து ஊர்வலம் போனார்கள். அதே நாளில் பஞ்சாபில் வைசாகி. 14 நம்முடைய வருடப் பிறப்பு, அம்பேத்கர் பிறந்த நாளும் அன்றுதான். 15 வங்காளிகளின் புத்தாண்டு. 18 பெரிய வெள்ளி, 20 ஈஸ்டர். மூன்றே வாரம். ஒரே நாடு மூன்று வாரத்துக்குள் இத்தனை முறை வாசல் தெளித்து, விளக்கேற்றி, நோன்பு திறந்து, சிலுவையைத் தொழுது, மாலை போட்டு நின்றிருக்கிறது.

இவ்வளவும் ஒன்றாக வந்து விழக் காரணம் என்ன? படம் போட்டு விளக்க வானொலியில் வழியில்லை. தேவையும் இல்லை. வானத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டு: சூரியன், நிலா. சிலர் சூரியனைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள், சிலர் நிலாவைப் பார்த்து, சிலர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து. இந்த மூன்று வழியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சூரிய வழி. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிற நாள்தான் நமக்குச் சித்திரை முதல் தேதி. ஏப்ரல் 14, சில வருடம் ஒரு நாள் முன்பின். நமக்கு மட்டுமல்ல. கேரளத்தில் விஷு, விடிகாலையில் கண் திறந்ததும் கொன்றைப் பூவும் கணிவெள்ளரியும் கண்ணாடியும் நாணயமும் வைத்த தட்டைப் பார்ப்பார்கள். துளு நாட்டில் பிசு. ஒடிசாவில் பணா சங்கராந்தி. வில்வப் பழத்தைக் கரைத்த பானகம் கொடுப்பார்கள். அஸ்ஸாமில் பிஹு, பீகாரின் மிதிலையில் ஜூட் சீதல், பஞ்சாபில் வைசாகி. இலங்கையில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே கொண்டாடுகிற புத்தாண்டு, தாய்லாந்தின் சோங்கிரான், மியான்மரின் திஞ்சான் எல்லாம் அந்த நாட்களை ஒட்டியவைதான். சித்திரை பிறந்தால் வேப்பம்பூ பச்சடி வைக்கிற நம் வீட்டுக்கும் பாங்காக்கில் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறவனுக்கும் நாள் குறித்துத் தந்தது ஒரே கணக்கு.

வைசாகியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1699-இல் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூர் சாகிபில் கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தொடங்கியது வைசாகி நாளில். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது இருந்தவர்களில் பலர் அந்த வைசாகிக்காகவே சுற்றுக் கிராமங்களிலிருந்து அமிர்தசரஸ் வந்தவர்கள். ஒரு பண்டிகைத் தேதியைத் தெரிந்துகொண்டால் அன்றைக்கு அங்கே ஏன் அவ்வளவு கூட்டம் என்பதும் புரிகிறது.

அடுத்து நிலா வழி. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய வருடம் 365. பதினோரு நாள் குறைகிறது. இஸ்லாமிய மாதங்கள் அந்தக் குறைவைச் சரிசெய்வதில்லை. அதனால் ரம்ஜான் வருடத்துக்குச் சுமார் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், முப்பத்து மூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். ஐப்பசி மழையில் நோன்பு வைத்தவர்களும் உண்டு, அக்னி நட்சத்திரத்தில் வைத்தவர்களும் உண்டு. இந்த சில வருடங்களாகப் பங்குனியை ஒட்டி வருகிறது.

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். சிந்து மாகாணத்திலிருந்து பிரிவினையின்போது வந்த ரத்தன்சந்த் என்பவர் ஏற்படுத்திய சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள், இந்துக்கள், மயிலாப்பூரில் சமைத்துக் கொண்டுவந்து நோன்பு திறக்கிறவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சைவச் சமையல். பிறை எப்போது, இன்று சூரியன் மறைவது எத்தனை மணிக்கு என்பது பரிமாறுகிறவர்களுக்கும் அத்துப்படியாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். பொடி எழுத்தைப் படிப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வழி. யுகாதி, ராமநவமி, மகாவீர் ஜெயந்தி எல்லாம் நிலாத் திதி. ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்த்துப் பருவத்தை விட்டு விலகாமல் பிடித்து வைக்கிறார்கள். ஈஸ்டரும் இந்த வழிதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் பல வருடங்களில் நம்முடைய பங்குனி உத்திரமும் வருகிறது. பழனிக்குக் காவடி போகிற வழியிலும் ஊர்க் கோயில் சிலுவைப் பாதையிலும் வெளிச்சம் தருவது ஒரே நிலாதான். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: ஒரே நிலா.

இப்போது மதுரைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2019 மார்ச் 10 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18, வியாழக்கிழமை. அறிவிப்பு வந்த அன்றே மதுரைக்காரர்கள் காலண்டரைப் புரட்டினார்கள். ஏப்ரல் 18, மீனாட்சி அம்மன் கோயில் தேரோட்டம். அன்று இரவே, ஊருக்குள் வருகிற அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. மறுநாள் 19 சித்ரா பௌர்ணமி, அழகர் ஆற்றில் இறங்குகிறார். இதே தேதிகளை எடுத்துக்கொண்டு கிறிஸ்தவர்களும் வந்தார்கள். 18 பெரிய வியாழன், 19 பெரிய வெள்ளி. தேவாலய வளாகத்துப் பள்ளிகளில்தான் பல இடங்களில் வாக்குச்சாவடி. இரவெல்லாம் ஜெபம் நடக்கிற இடத்தில் வாக்குப் பெட்டியை எப்படி வைப்பது என்று கேட்டார்கள். 17-ஆம் தேதி மகாவீர் ஜெயந்தி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் 19-ஆம் தேதி முழுநிலவு, அவ்வளவுதான்.

விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தேதி மாறவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரண்டு மணி நேரம் நீட்டி இரவு எட்டு மணி வரை என்றார்கள்.

மதுரையை அறியாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அழகர் வருகை ஒரு கோயிலுக்குள் முடிகிற காரியம் அல்ல. அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டர் போல, கள்ளர் வேடத்தில், வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். தல்லாகுளத்தில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சாத்திக்கொள்கிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குவார் என்று ஊரே விழித்திருக்கும். பச்சை என்றால் அந்த வருடம் நாடு செழிக்கும் என்பார்கள். செம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலையால் மூடிச் சூடம் ஏற்றி நிற்கிற பெண்கள், தோல் பையில் தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டி அழகர் மேல் பீய்ச்சுகிறவர்கள். நேர்ந்துகொண்டு வந்திருப்பார்கள், வேடம் கட்டியிருப்பார்கள். காவல்துறை, மாநகராட்சி, அணையிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் திறக்கிற அதிகாரிகள் எல்லாரும் அன்று அந்த ஆற்றங்கரையில். அதே ஊழியர்கள்தான் தேர்தலையும் நடத்த வேண்டும். வண்டியூரில் துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பெண்ணின் வீட்டில் அழகர் இரவு தங்குவார் என்று இன்றும் மக்கள் சொல்கிறார்கள். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்பதும் ஊர் வழக்கு. சைவமும் வைணவமும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் திருவிழா காண வேண்டும் என்று தேதியை இணைத்த ஊர் அது. அந்த ஊருக்குத் தேதி குறிப்பவர்கள் மேசையில் ஒரு தினத்தாள் காலண்டர் இருக்க வேண்டாமா? இதில் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உண்டு. தேர்தலும் திருவிழா, நம் எல்லாருக்கும் பொதுவான திருவிழா. அதை யாரும் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் கொண்டாடும்படி நாள் குறிக்க முடியும்.

இதைப் பற்றி யோசித்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். மேக்நாத் சாகா. நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கச் சமன்பாடு தந்த இயற்பியலாளர். சுதந்திரம் வந்த பிறகு, 1952-இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து அவரைத் தலைவராக்கினார்கள். அப்போது நாட்டில் வழக்கில் இருந்த பஞ்சாங்கங்கள் சுமார் முப்பது. ஒரே பண்டிகைக்கு ஊருக்கு ஒரு தேதி. சாகா குழு ஒரு பொது நாட்காட்டியைத் தந்தது. அதன்படி 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாள். பகலும் இரவும் சமமாக இருக்கிற நாளுக்கு மறுநாள். நம் சித்திரைப் பிறப்பும் ஒரு காலத்தில் அந்தச் சமநாளை ஒட்டித்தான் இருந்தது. சுமார் எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி ஏப்ரல் நடுவுக்கு வந்திருக்கிறது. சாகா 1956 பிப்ரவரியில் காலமானார். தான் போட்ட நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததைப் பார்க்கவில்லை.

அந்தத் தேதியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதே வானொலியில், சக ஆண்டு இத்தனை என்று சொல்வார்களே, அதுதான். அரசிதழிலும் இருக்கிறது. மார்ச் 22-க்குப் புத்தாடை உடுத்துகிறவர் யாரும் இல்லை. அதனால் அது தோற்றுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பண்டிகையை மக்கள் நிலாவையும் வெயிலையும் பார்த்துக் கொண்டாடட்டும், கணக்குக்கு ஒரு பொதுத் தேதி இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். இரவு மாடிக்கு அழைத்துப் போய் இன்று என்ன திதி என்று நிலாவைப் பார்த்தே சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். மே மாதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று வந்தேன், சுருக்கமாகவே முடிக்கிறேன். இந்தியாவில் முதல் மே நாள் 1923-இல் நம் சென்னைக் கடற்கரையில்தான். சிங்காரவேலர் இரண்டு கூட்டங்கள் நடத்தினார், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணியில் ஒன்று. 1960 மே 1 மகாராஷ்டிரமும் குஜராத்தும் தனி மாநிலங்களான நாள். புத்த பூர்ணிமா 2023-இலும் 2025-இலும் நம் சித்ரா பௌர்ணமி அன்றே வந்தது, 2024-இல் ஒரு மாதம் தள்ளி வந்தது. ஏன் என்பதை அதிக மாதக் கணக்கை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். 2026-இல் புத்த பூர்ணிமா மே 1 அன்றே. மே 1 தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிற நாளும் கூட. உங்கள் ஊர்த் திருவிழா என்றைக்கு, பக்கத்துத் தெருக்காரர்களின் பண்டிகை என்றைக்கு என்பதை அங்கே எழுந்து சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.