ஆர்வி கேம்ப்கிரவுண்ட்: ராத்திரிக்கு 30 டாலரா, 100 டாலரா?

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது இல்லையா, அது லிட்டில் ரிவர். டென்னசி மாநிலத்தில் டவுன்சென்ட் என்கிற சின்ன ஊரில் நிற்கிறேன். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்கு மேற்குப் பக்கத்திலிருந்து நுழைகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போவார்கள். வீட்டு ஆட்கள் எல்லாம் ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

ஆர்வி என்றால் உள்ளேயே தூங்கி, சமைத்து, குளிக்கிற வீடு மாதிரியான வண்டி. ஆர்வி பயணம் என்று வீடியோ போட்டாலே முதலில் வருகிற கேள்வி, "கேம்ப்கிரவுண்டுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?" என்பதுதான். அந்த வண்டியை நிறுத்தித் தங்குகிற இடம்தான் கேம்ப்கிரவுண்ட். இந்த மலையைச் சுற்றியே 30 டாலருக்கும் இடம் இருக்கிறது, கோடைக்கால வார இறுதியில் 100 டாலரைத் தாண்டுகிற இடமும் இருக்கிறது. எது லாபம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைப் பார்க்கும் முன்னால், அந்த இடத்தில் நீங்கள் விழித்திருக்கப்போகிற நேரம் எவ்வளவு என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து போட்டு, காலையில் எட்டுக்குக் கிளம்பிவிடுகிற குடும்பம், நீச்சல்குளத்துக்கும் தண்ணீர்ச் சறுக்குக்கும் காசு கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டுப் போகிறது. அந்தக் குடும்பங்களை எல்லாக் கேம்ப்கிரவுண்டிலும் பார்க்கலாம்.

முதலில் 30 டாலர் இடம். பூங்காவுக்குள்ளேயே கேட்ஸ் கோவ், எல்க்மான்ட், ஸ்மோக்மான்ட் என்று பெரிய கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. ஒரு சைட்டுக்கு, அதாவது ஒரு வண்டி நிற்கிற இடத்துக்கு, ராத்திரிக்கு 30 டாலர், ஆறு பேர் வரை தங்கலாம். தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த மூன்றிலும் சைட்டில் கரண்ட் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிவுநீர் இணைப்பு கிடையாது. பொதுக் கழிப்பறை உண்டு, அதில் பச்சைத்தண்ணீர் வரும், குளிக்க இடம் இல்லை. அதாவது வண்டியிலிருக்கிற டேங்க்தான் உங்கள் குளியலறை. வாடகைக்குக் கிடைக்கிற சாதாரண கிளாஸ் சி வண்டியில், அதாவது நடுத்தர அளவு ஆர்வியில், வீட்டில் குளிப்பதுபோல நான்கு பேர் குளித்தால் இரண்டு நாள் தாங்குவதே பெரிது.

ஜெனரேட்டர் போடலாமே என்பீர்கள். போடலாம், காலை 8 முதல் இரவு 8 வரைதான். அதிலும் சில வரிசைகளில் ஜெனரேட்டரே கூடாது, முன்பதிவு செய்யும்போது சைட் விவரத்தில் அது இருக்கும். வாடகை வண்டியாக இருந்தால் ஜெனரேட்டர் ஓடுகிற மணிக்கணக்குக்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள், பல இடங்களில் உண்டு. ஜூலை மாதம் ஏசி இல்லாமல் தூங்க முடியாது என்கிற ஆள் வீட்டில் ஒருவர் இருந்தாலும், அந்த 30 டாலர் ராத்திரி எல்லோருக்கும் தூக்கம் இல்லாத ராத்திரி ஆகிவிடும். மே, செப்டம்பர் மாதங்களில் பிரச்சினையே இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் மலைக்காற்றே போதும்.

அப்புறம் எதற்கு உள்ளே தங்க வேண்டும்? கேட்ஸ் கோவில் 11 மைலுக்கு ஒருவழிச் சாலை ஒன்று வட்டமாகப் போகிறது. மானும், சில சமயம் கரடியும் கண்ணில் படுகிற பள்ளத்தாக்கு. காலை பத்து மணிக்கு மேல் அங்கே போனால், முன்னால் போகிற கார்களின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். உள்ளேயே தங்கியவர்கள் விடிகிற நேரத்தில் சுற்றி முடித்துவிடுவார்கள். கோடையில் புதன்கிழமைகளில் அந்தச் சாலையில் கார்களையே விடுவதில்லை, சைக்கிளும் நடையும்தான். கேம்ப்கிரவுண்டுக் கடையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செவ்வாய் ராத்திரி அங்கே தங்கி புதன் காலையில் குழந்தைகளோடு சைக்கிளில் கிளம்புங்கள். இந்தப் பகுதியில் 30 டாலருக்கு இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இன்னொன்று, இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40. வெளியே தங்கினாலும் மலையேறப் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் நீளத்தையும் பாருங்கள். எல்க்மான்ட்டில் 35 அடிக்கு மேல் மோட்டார்ஹோம், அதாவது இன்ஜினோடு தானே ஓடுகிற ஆர்வி, போக முடியாது.

சரி, தனியார் இடங்களுக்கு வருவோம். பேச வேண்டியது இங்கேதான் அதிகம்.

மஞ்சள் நிறப் பலகையோடு எங்கே பார்த்தாலும் இருக்கிற கேஓஏ கேம்ப்கிரவுண்டுச் சங்கிலி, 1962இல் மான்டானாவில் பில்லிங்ஸ் நகரத்தில் ஆரம்பித்தது. டவுன்சென்ட், பிஜன் ஃபோர்ஜ், மலைக்கு அந்தப் பக்கம் செரோக்கி என இங்கேயே மூன்று ஊர்களில் இருக்கிறது. கேஓஏவில் ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட் என்று மூன்று வகை. ஜர்னி என்றால் நெடுஞ்சாலை ஓரம் ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுப் போகிற இடம். ஹாலிடே என்றால் இரண்டு மூன்று நாள் தங்கிப் பொழுது போக்கலாம். ரிசார்ட் அதற்கும் மேல். பெயரைப் பார்த்தாலே எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்று புரிந்துவிடும். வழியில் தூங்குவதற்கு ரிசார்ட் எதற்கு?

குழந்தைகளுக்காகவே இருக்கிற இன்னொரு பெயர் ஜெல்லிஸ்டோன். யோகி கரடி கார்ட்டூன் பெயரில் 1969இல் விஸ்கான்சினில் தொடங்கிய சங்கிலி. தண்ணீர்ச் சறுக்கு, கரடி வேஷம் போட்டவரோடு போட்டோ, வாரத்துக்கு ஒரு கொண்டாட்டம் என்று பிள்ளைகளை நாள் முழுக்க இழுத்துப் பிடித்துவைத்திருப்பார்கள். கோடை வார இறுதியில் விலை கூடத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்க அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், நான்கு பேருக்கு வாட்டர் பார்க் டிக்கெட் எடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த விலை உறுத்தாது. அதே நாளில் பிஜன் ஃபோர்ஜில் இருக்கிற டாலிவுட் பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. டாலிவுட்டில் ராத்திரி வரை சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குச் சறுக்கு எதற்கு? கரண்டும் தண்ணீரும் இருக்கிற சாதாரண சைட் போதும்.

இணையத்தில் முதலில் கண்ணில் படுகிற விலையை அப்படியே நம்பாதீர்கள். இப்போது பல இடங்களில் விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் விலை மாறுகிறது. அதே சைட் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, வெள்ளிக்கிழமை வேறு விலை. மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே விடுமுறை வார இறுதிகளில் குறைந்தது மூன்று ராத்திரி எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். இந்த மலையில் அக்டோபரும் அப்படித்தான். இலைகள் நிறம் மாறுகிற மாதம் என்பதால் ஜூலைக்குச் சமமான கூட்டம்.

பிறகு கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏறும். மாநில, உள்ளூர் வரி. நீங்கள் தேர்ந்தெடுத்த சைட்டையே கண்டிப்பாகத் தருவதற்குத் தனிக் கட்டணம். சில இடங்களில் ரிசார்ட் ஃபீ, அதாவது அங்கே இருக்கிற வசதிகளுக்கான கட்டணம். நம் ஆட்களுக்கு முக்கியமானது, கூடுதல் ஆள் கட்டணம். பல தனியார் இடங்களில் அடிப்படை விலை இரண்டு பேருக்குத்தான். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு பேர். 75 டாலர் என்று பார்த்தது, பணம் கட்டும்போது 100 பக்கம் வந்து நிற்கும். பூங்காவுக்குள் இதே ஆறு பேருக்கும் 30 டாலர்தான் என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

பெற்றோர் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். 62 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு சீனியர் பாஸ் கொடுக்கிறது. வருடத்துக்கு 20 டாலர், ஆயுள் முழுக்க என்றால் 80. தேசியப் பூங்கா, ஆர்மி கோர் ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டுகள் போன்ற அரசு இடங்கள் பலவற்றில் கேம்பிங் கட்டணம் பாதியாகிவிடும். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் கிடைக்கும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருக்கிற பாட்டி தாத்தா வண்டியில் இருந்தால் முதல் வேலையாக அந்த அட்டையை வாங்குங்கள்.

ஆர்மி கோர் என்றேன் இல்லையா? அணை கட்டுகிற ராணுவப் பொறியாளர் பிரிவு. அவர்கள் கட்டிய ஏரிகளின் கரையில் நிறைய கேம்ப்கிரவுண்டுகளை நடத்துகிறார்கள். தண்ணீரைப் பார்த்த பெரிய சைட், பெரும்பாலும் கரண்ட் இருக்கும், விலை தனியாரில் பாதியளவுகூட வராது. சறுக்கு, கடை எதுவும் இருக்காது. அட்லாண்டா பக்கம் இருக்கிறவர்கள் லேக் அலடூனா, லேக் லேனியர் இரண்டையும் பாருங்கள். ஆர்வி பழகுவதற்கு முதல் பயணமாக மலைக்கு வருவதைவிட அதுவே நல்லது.

இப்போது கரண்ட் விஷயம். சைட் எடுக்கும்போது 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று கேட்பார்கள், 50க்குச் சில டாலர் கூடுதல். கிளாஸ் சி வாடகை வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப் பிளக்தான், ஏசியும் ஒன்றுதான். அந்த வண்டிக்கு 50 ஆம்ப் சைட் எடுப்பது வீண். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது 1,500 வாட் பக்கம் போய்விடும். அந்த நேரத்தில் இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து மிக்ஸியையும் போட்டீர்கள் என்றால் பிரேக்கர் விழும். சாம்பாரை வண்டியிலிருக்கிற கேஸ் அடுப்பில் வையுங்கள், சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் ஏசியை நிறுத்துங்கள், தீர்ந்தது. பஸ் மாதிரி பெரிய கிளாஸ் ஏ வண்டி, இரண்டு ஏசி என்கிறவர்களுக்கு மட்டும் 50 ஆம்ப்.

புல்-த்ரூ சைட்டுக்கும் கூடுதல் காசு வாங்குவார்கள், பின்னால் எடுக்காமல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். பின்னால் டிரெய்லர் இழுத்து வருகிறவர்களுக்கு அது தேவை. மோட்டார்ஹோமுக்கு ஒரு ஆள் இறங்கி நின்று கை காட்டினாலே போதும். நான் யோசிக்காமல் காசு கொடுப்பது ஆற்றோர சைட்டுக்குத்தான். பிள்ளைகள் காலையிலிருந்து அந்தத் தண்ணீரை விட்டு வரவில்லை, நான் நிம்மதியாக வீடியோ எடுக்கிறேன்.

விலை அதிகமாக இருந்தாலே மோசம் என்று நினைக்க வேண்டாம். புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குள் ஃபோர்ட் வில்டர்னஸ் என்று ஒரு கேம்ப்கிரவுண்ட், 1971இலிருந்து இருக்கிறது. பண்டிகை நாட்களில் ஒரு ராத்திரிக்கு 200 டாலரைத் தாண்டும். கேட்டதும் பகீரென்றிருக்கும். ஆனால் ஒரு சைட்டில் பத்துப் பேர் வரை தங்கலாம், மேஜிக் கிங்டமுக்கு இலவசப் படகு, மற்றப் பூங்காக்களுக்கு இலவச பஸ், பூங்கா திறப்பதற்கு அரைமணி முன்பே உள்ளே போகலாம். வெளியே 70 டாலர் இடத்தில் தங்கி, தினமும் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டிப்போய் பார்க்கிங்குக்கும் கட்டினால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் கணக்கு டிஸ்னி பக்கம்தான் சாயும்.

தள்ளுபடி அட்டைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேஓஏ அட்டைக்கு 10 சதவீதம். கோடையில் நான்கைந்து ராத்திரி தங்கினாலே அட்டைக் காசு வந்துவிடும். பாஸ்போர்ட் அமெரிக்கா அட்டை பாதி விலை என்று விளம்பரம் செய்வார்கள், ஆனால் எந்த நாட்களில் செல்லும் என்பதை ஒவ்வொரு இடமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். பள்ளி விடுமுறையில் மட்டும் கிளம்புகிற நமக்கு அது சரிப்படாது. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் எனக்குப் பிடிக்கும், வருடச் சந்தா கட்டினால் பண்ணைகளில் ஒரு ராத்திரி நிறுத்தலாம், தங்கக் கட்டணம் இல்லை. பதிலுக்கு அவர்களிடம் ஏதாவது வாங்குவது மரியாதை. பழமும் தேனும் வாங்குகிறேன் என்று போனால் 60 டாலருக்கு வாங்கிக்கொண்டு வருவீர்கள், அதையும் சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் ஸ்மோக்கி பயணத்துக்கு என்னைக் கேட்டால், ஞாயிறு மதியம் கூட்டம் கிளம்பியதும் வந்து, கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் இருக்கிற தனியார் இடத்தில் ஒரு ராத்திரி. திங்கள், செவ்வாய் கேட்ஸ் கோவ் உள்ளே. புதன் காலையில் சைக்கிள். அன்று மதியமே வெளியே வந்து டேங்கைக் காலி செய்து, துணி துவைத்து, பிள்ளைகளை நீச்சல்குளத்தில் விட்டு இன்னொரு தனியார் ராத்திரி. செக்-இன் இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கே போய் நில்லுங்கள், கொடுத்த காசுக்கு அந்த மதியம்தான் கிடைக்கிறது. விறகை வீட்டிலிருந்து ஏற்றிவராதீர்கள், பூச்சி பரவும் என்பதால் சூடேற்றிச் சான்றளித்த விறகை மட்டும்தான் பூங்காவுக்குள் அனுமதிக்கிறார்கள். இங்கேயே கட்டாகக் கிடைக்கும்.

கேட்ஸ் கோவ் சைட்கள் ரிக்ரியேஷன் டாட் கவ் என்கிற அரசு முன்பதிவுத் தளத்தில் ஆறு மாதம் முன்னால் திறக்கும். அக்டோபர் நடுவில் வர நினைக்கிறவர்கள் ஏப்ரல் நடுவில் காலையிலேயே கணினி முன்னால் உட்காருங்கள். வண்டி நீளம், எத்தனை பேர், ஜெனரேட்டர் வேண்டுமா என்று முன்னாடியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சைட் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆற்றில் இறங்கிய வீட்டு ஆட்கள் எல்லாம் ஈரத்துணியோடு வருகிறார்கள், நான் போய்த் துண்டு எடுத்துக் கொடுக்கிறேன். வரட்டுமா?